கனி நொண்டி

மாவட்ட மைதானத்தில் அன்று பெண்கள் மும்முறைத் தாண்டலுக்குப் பதினொரு பேர் இறங்கியிருந்தார்கள். பதினொரு பேரும் ஒரே மாதிரி ஓடிவந்தார்கள். ஒரே மாதிரி பலகையை மிதித்து, வலது காலிலேயே தாழ்வாகத் தத்தி, அந்தப் பாதத்தை ஒரு விரற்கடை வெளிப்பக்கம் திருப்பி ஊன்றி, ஊன்றிய வேகத்திலேயே எடுத்து இடது காலுக்கு மாறி, மணல் குழியில் போய் விழுந்தார்கள். எழுந்து மணலைத் தட்டியதும் பதினொரு பேரும் இடது பக்கம் திரும்பி, உதட்டின் இடது ஓரத்தை மட்டும் இழுத்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தில் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் ஒரு காக்கையும்தான் இருந்தன.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த செல்வக்கனி அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டாள். ஓட்டம் அவளுடையது. தத்தல் அவளுடையது. சிரிப்பும் அவளுடையதுதான். நாற்பத்திரண்டு வயதில், துறைமுக அலுவலகத்தில் கோப்பு புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனுஷி தன்னையே பதினொரு தடவை பார்ப்பது அவ்வளவு சுகமான காரியம் இல்லை.

"கனி நொண்டி! அப்படியே கனி நொண்டி!" என்று ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்.

நம் பக்கத்து விளையாட்டு வாத்தியார்கள் இந்தப் போட்டியை மூன்றே சொல்லில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நொண்டி, எட்டு, தாவு. எந்தக் காலில் கிளம்பினாயோ அதே காலில் தத்தி இறங்குவது நொண்டி. மறு காலுக்கு மாறுவது எட்டு. கடைசியில் மணலில் விழுவது தாவு. இந்த மூன்றில் செல்வக்கனியின் நொண்டிதான் ஒரு காலத்தில் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. எல்லாரும் நொண்டியில் உயரமாகப் போய் வேகத்தைத் தொலைத்தபோது, அவள் தரையோடு தரையாகப் போய் வேகத்தை மிச்சம் பிடித்தாள். பதினான்கு மீட்டரைத் தாண்டினாள். அதற்குத்தான் கனி நொண்டி என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதை ஒரு கருவியில் பதிந்தார்கள். இப்போது அந்தப் பதிவைப் பிள்ளைகளின் தலைக்குள் ஏற்றுகிறார்கள்.

"யம்மா, அந்த மூணாவது அக்காவைப் பாத்தியா?" என்றாள் பக்கத்தில் இருந்த மகள் பெனிட்டா. "போன வருஷம் பதினொண்ணு அம்பது. இன்னிக்குப் பதிமூணு பத்து. ஒம்பது நாள் அந்தப் பதிவு ஏத்துற நாற்காலில போய் உக்காந்துட்டு வந்தா, அவ்வளவுதான்."

"பாத்தேன் பாத்தேன்."

"நீ எங்க பாத்த? தரையைப் பாத்துக்கிட்டு இருக்க."

பெனிட்டாவுக்குப் பதினைந்து வயது. அப்பனை உரித்து வைத்த பிள்ளை. சிரித்தால் ஈறு தெரியச் சிரிப்பாள். அவளும் தாண்டுகிறவள்தான். தகுதிச் சுற்றன்று பரீட்சை வந்துவிட்டதாம், அதனால் இன்று வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தாள். வலது காலை மட்டும் தூக்கி முன்படியில் வைத்து, ஷூ நாடாவைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். பொம்பளப் பிள்ளை இப்படியா உட்காருவது என்று சொல்ல வாயெடுத்தபோது செல்வக்கனியின் கைப்பேசி அடித்தது.

பாளையங்கோட்டை எலும்பு டாக்டர் மெஹருன்னிசா. பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்வதோடு சரி, மற்றபடி வருடம் முழுக்கப் பேசாத ஆள். செல்வக்கனி எழுந்து கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போனாள்.

"கனி, நாலாவது பிள்ளை வந்திருக்கா," என்றார் டாக்டர், நலம்கூட விசாரிக்காமல். "வலது பாதம். அதே எலும்பு. அதே இடம்."

"எந்த எலும்பு டாக்டரம்மா?" என்று கேட்டாள். எந்த எலும்பு என்று அவளுக்குத் தெரியும்.

"உனக்கு நான் ரெண்டு திருகாணி போட்டேனே, அது. நாலு பேரும் உன் பதிவு ஏத்திக்கிட்ட பிள்ளைங்க. கேட்டுக்கோ, இதுல ஒருத்திகூட வலிக்குதுன்னு என்கிட்ட வரல. ஒருத்தி பஸ் படில விழுந்து முட்டிக்குப் படம் எடுக்க வந்தா. இன்னொருத்தி வேற எதுக்கோ வந்தா. இன்னிக்கு வந்தவளுக்கு எலும்பு ரெண்டு துண்டா கிடக்கு. அவ நடந்து வாரா! வலிக்குதாம்மான்னு கேட்டா சிரிக்கா."

செல்வக்கனி திரும்பிப் படிக்கட்டில் இருந்த பெனிட்டாவைப் பார்த்தாள்.

"அந்தப் பதிவு எடுத்தப்போ உனக்கு எலும்புல ஏற்கெனவே கீறல் இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? வைத்தியம் பாத்தவ நான். நோயாளி விஷயத்தை நானா வெளியே சொல்லக்கூடாது. நீதான் சொல்லணும். எத்தனை பேருக்கு ஏத்தியிருக்காங்க?"

"ஆயிரத்து நூறு பேருக்கு மேலன்னு சொல்லுதாங்க."

மைதானத்தில் அடுத்த கைதட்டல் கேட்டது.

*

அது நடந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அப்போது செல்வக்கனிக்கு இருபத்து நான்கு வயது. தேசிய முகாமில் இருந்தாள். முகாம் முடிவதற்குள் பெயர் அணிப் பட்டியலில் வந்தால் துறைமுகத்தில் வேலை உறுதி. வராவிட்டால் மறுபடி ஊரில் தீப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

வலது பாதத்தின் மேல்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால், ஒரு புள்ளியில் வலி. நொண்டியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளியில் ஆணி அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் பாளையங்கோட்டைக்குப் போனாள். மெஹருன்னிசா டாக்டர் எதையும் கேட்கவில்லை. கட்டைவிரலால் அந்தப் புள்ளியை ஓர் அமுக்கு அமுக்கினார். செல்வக்கனி கட்டிலை விட்டு எழும்பிவிட்டாள். "கீறல் விட்டிருக்கு. ஆறு மாசம் தாண்டக் கூடாது" என்றார். செல்வக்கனி தலையை ஆட்டிவிட்டு, சாயங்காலப் பேருந்திலேயே முகாமுக்குத் திரும்பினாள்.

அப்புறம்தான் அந்த நொண்டி வந்தது. உயரமாகத் தத்தினால் இறங்கும்போது உயிர் போயிற்று, அதனால் தாழ்வாகத் தத்தினாள். நேராக ஊன்றினால் அந்தப் புள்ளியில் விழுந்தது, அதனால் பாதத்தை வெளியே திருப்பினாள். அந்தக் காலில் நிற்கவே முடியவில்லை, அதனால் ஊன்றியதும் எடுத்தாள். தூரம் கூடிவிட்டது! பயிற்சியாளர்கள் ஓடிவந்து கை குலுக்கினார்கள். இவள் புதுசாக ஒரு நுட்பம் கண்டுபிடித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். வலிக்குப் பயந்து காலைத் தூக்கியதை நுட்பம் என்று எடுத்துக்கொள்ள, வாழ்க்கையில் ஒருமுறையாவது கால் வலித்திராத ஆட்களால்தான் முடியும்.

மணல் குழிக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு முகாம் டாக்டர் உட்கார்ந்திருப்பார். யாருடைய முகமாவது சுளித்தால் கூப்பிட்டுவிடுவார். அதனால் ஒவ்வொரு தாண்டலுக்கும் பிறகு செல்வக்கனி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "என்னம்மா?" என்பார். "ஒண்ணுமில்ல சார்," என்பாள். இதையும் அவள் தாண்டலோடு சேர்த்தே பழகிக்கொண்டாள்.

அந்த மாதம்தான் வைத்தீஸ்வரன் என்ற ஒல்லியான பொறியாளர், கம்பிகள் தொங்கும் ஒரு தொப்பியோடு முகாமுக்கு வந்தார். தாண்டும்போது மூளை காலுக்கு என்ன கட்டளை இடுகிறது என்று அந்தத் தொப்பி படித்துக்கொள்ளும் என்றார். ஆராய்ச்சிக்காம். நாற்பது முறை தாண்டவைத்தார். கடைசியில், காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, "ஏதாவது சொல்லணுமாம்மா? குறிப்புல எழுதணும்," என்றார்.

அந்த ஒரு கணம் செல்வக்கனிக்கு மனசு தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"சார்... நொண்டுது."

"ஆமாமா, நொண்டிதானே முதல்ல! பிரமாதமா வருது," என்று சிரித்தபடி அவர் எழுதிக்கொண்டார்.

அவள் திருத்தவில்லை. அவரோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். நான் சொல்லத்தானே செய்தேன், அவருக்குத்தான் புரியவில்லை என்று பதினெட்டு வருடமாகத் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எட்டு மாதம் கழித்து அந்த எலும்பு இரண்டாக உடைந்தது. அதற்குள் வேலை கிடைத்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னாள். பின்னால் கட்டிக்கொண்ட அற்புதராஜுக்கும் அதையேதான் சொன்னாள். பன்னிரண்டு வருடம் எந்த வில்லங்கமும் இல்லாமல் போயிற்று. அப்புறம், தொப்பி படித்து வைத்ததை இன்னொருவர் மூளையில் எழுதுகிற கருவி வந்தது.

*

"ஏம்மா, சும்மா பயப்படுத. சிறுமூளைல ஒரு பாதை போட்டுக் குடுக்குதாங்க, அவ்வளவுதான்," என்று பெனிட்டா சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கினாள். "சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா மறக்காதுல்லா? அந்த மாதிரி, கத்துக்காமலே மறக்காது. நீ ஒம்பது வருஷம் டேப்பு பிடிச்சு அடி அளந்து கத்துக்கிட்டத ஒம்பது நாள்ல ஏத்திருவாங்க."

சாப்பாட்டு மேசையில் சம்மதப் படிவம் கிடந்தது. அதன்மேல் ஒரு துளி ரசம் விழுந்திருந்தது. வியாழக்கிழமை கடைசி நாள்.

"வேண்டாம்னு சொன்னேன்ல."

"ஏன் வேண்டாம்? காரணம் சொல்லு."

காரணம் தொண்டை வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? பொய்யான உடம்போடு வாங்கிய வேலை என்பார்கள். சுவரில் தொங்குகிற பதக்கத்தை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்ப்பார்கள். ஆயிரத்து நூறு வீட்டில் இவள் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளை தன்னை எப்படிப் பார்க்கும்?

"பாதம் பழுதாயிடும்ட்டி," என்றாள் மெதுவாக.

"யாருக்கு ஆச்சு? ஒரு பேரு சொல்லு பாப்போம். பதிஞ்ச பிள்ளைங்க யாராவது வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்களா?"

அற்புதராஜ் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவன். வீட்டில் சண்டை வந்தால் பெண்டாட்டி பக்கமா பிள்ளை பக்கமா என்று முழித்துவிட்டு, கடைசியில் சாப்பாட்டுப் பக்கம் சாய்ந்துவிடுவான். அன்றும் தட்டை விட்டுத் தலையைத் தூக்காமல், "ஒரு கையெழுத்துதான கனி. இப்ப பதியாத பிள்ளையை ஸ்கூல் டீம்லயே சேக்க மாட்டேங்கான். காலம் அப்படி இருக்கு," என்றான்.

"அது எனக்கும் தெரியுங்க."

"தெரிஞ்சும் வேண்டாம்னு சொல்லுத," என்றாள் பெனிட்டா. கண் கலங்கிவிட்டது. "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் நீ கிடைக்க. எனக்கு மட்டும் நீ கிடைக்க மாட்ட. நல்லா இருக்கு உன் நியாயம்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செல்வக்கனிக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. வியாழன் வருவதற்குள் இதை எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. சரி, முதலில் அந்தத் தொப்பிக்கார மனுஷனிடம் போய்ச் சொல்வோம் என்று முடிவு செய்தாள்.

*

செவ்வாய்க்கிழமை காலையிலேயே மதுரையில் இருந்தாள். வைத்தீஸ்வரனுக்கு இப்போது தொந்தியும் வழுக்கையும் வந்து, பதிவு ஏற்றுகிற நிறுவனத்துக்கே தலைவராகியிருந்தார். காதில் மட்டும் அதே மாதிரி ஒரு பேனா செருகியிருந்தது.

"வாங்க மேடம், வாங்க! உங்க கால்தான் எங்களுக்குச் சோறு போடுது," என்று வரவேற்றார். காபி வந்தது.

செல்வக்கனி காபியைத் தொடாமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள். கீறல், பாளையங்கோட்டை, திருப்பிய பாதம், எல்லாம். சொல்லி முடிக்கும்போது சேலை முந்தானை கையில் கயிறாகத் திரிந்திருந்தது.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மேசைத் திரையில் பழைய குறிப்பைத் தேடி எடுத்து அவள் பக்கம் திருப்பினார். அவருடைய கையெழுத்துத்தான். நாற்பதாவது தாண்டல் என்று போட்டு, அதற்கு நேராக: *நொண்டி - சரி.*

"நீங்க சொன்னதை நான் எழுதியிருக்கேன் மேடம். கீழ உங்க கையெழுத்தும் இருக்கு."

"நான் சொன்னது வேற நொண்டி சார். நடக்கையில நொண்டுதேன்னு சொன்னேன்."

"அதை அப்பவே தெளிவாச் சொல்லியிருக்கணும் இல்லையா?"

"சொல்லியிருக்கணும்," என்றாள்.

வைத்தீஸ்வரன் கெட்டவர் இல்லை. எழுந்து ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். "அந்தப் பாதம் திரும்பறது எங்களுக்கும் உறுத்துச்சு. தேவையில்லாத அசைவு மாதிரி தெரிஞ்சுது. எடுத்துப் பார்த்தோம். தூரம் குறைஞ்சுடுச்சு. அந்தச் சிரிப்பு இருக்கே, அதையும் எடுக்கப் பார்த்தோம். சிரிப்பை எடுத்தா நொண்டியே போயிடுது. ரெண்டும் ஒரே முடிச்சு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியல."

செல்வக்கனிக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அது என்னவென்று பிடிபடவில்லை.

"சரி, நாலு பிள்ளைங்கன்னு டாக்டர் சொல்றாங்க. தாண்டற பிள்ளைங்களுக்கு எலும்புல அடிபடறது புதுசா? ஆறு வருஷமா மாசாமாசம் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுக் கேக்கறோம். வலி இருக்கான்னு தனியா ஒரு கேள்வியே இருக்கு. ஒரு புகார் கிடையாது மேடம். ஒண்ணே ஒண்ணு கிடையாது." வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தமயந்தி, கொஞ்சம் உள்ள வாம்மா."

பதினேழு வயதிருக்கும். தேனிப் பக்கத்துப் பிள்ளை, மாதச் சோதனைக்கு வந்திருந்தாள். செல்வக்கனியைக் கண்டதும் சாமியைக் கண்ட மாதிரி நின்றுவிட்டாள்.

"நீங்களே கேளுங்க," என்றார் அவர்.

"பாதம் வலிக்குதாம்மா?" என்று கேட்டாள் செல்வக்கனி.

"ஒண்ணுமில்லக்கா."

சொல்லும்போதே அவள் முகம் இடது பக்கம் திரும்பியது. அங்கே சுவர்தான் இருந்தது. உதட்டின் இடது ஓரம் இழுபட்டது. வலது குதிகால் தரையிலிருந்து ஓர் இம்மி தூக்கிக்கொண்டது.

செல்வக்கனி அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். முகாம் டாக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளை சிரிக்கிறாள். இவள் பிறப்பதற்கு முன்னாலேயே மடக்கி வைத்துவிட்ட நாற்காலியைப் பார்த்து! நொண்டியோடு சேர்த்து அதை மறைக்கிற வித்தையையும் அல்லவா நாற்பது முறை பதிந்து கொடுத்திருக்கிறோம். ஆறு வருடமாக ஒரு புகாரும் இல்லையாம். எப்படி வரும்?

"சார், அது சிரிப்பே இல்ல சார்," என்றாள். "வலிக்குதுன்னு தெரிஞ்சிரக் கூடாதுன்னு நான் செஞ்சது. அதுவும் ஏறிப்போச்சு. இவங்களால சொல்ல முடியாது சார்."

தமயந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு நிஜமா ஒண்ணுமில்லக்கா," என்றாள் மறுபடி.

வைத்தீஸ்வரன் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவருக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள், கீழே ஆட்கள் இருந்தார்கள். "மேடம், நீங்க சொல்றதை நான் எப்படி நிரூபிக்கறது? ஆயிரத்து நூறு பேர்ல ஒருத்தி, ஒரே ஒருத்தி வலிக்குதுன்னு சொல்லட்டும். நாளைக்கே நிறுத்திடறேன். என் பேர்ல சத்தியம்."

*

திரும்பி வருகிற பேருந்தில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கணக்கில்லாமல் அழுதாள். பக்கத்து இருக்கைக்காரம்மா, "யாரும் தவறிட்டாங்களா?" என்றுகூடக் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா," என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல் காதில் விழுந்ததும் செல்வக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் பிள்ளையையாவது காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்றைக்கே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும், பாதம் நன்றாக இருந்தால் போதும். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்து. வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. அற்புதராஜ் சீக்கிரமே வந்திருந்தான். பெனிட்டா கூடத்தில் தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள்.

"காலுக்கு என்னட்டி?" என்றாள் செல்வக்கனி, செருப்பைக் கழற்றியபடி. சும்மாதான் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

பெனிட்டா இடது பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஈறு தெரியவில்லை. உதட்டின் இடது ஓரம் மட்டும் இழுபட்டது.

செல்வக்கனி ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். கைப்பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"எப்ப?" என்றாள்.

பெனிட்டா அப்பாவைப் பார்த்தாள். அற்புதராஜ்தான் சொன்னான். "நாலு மாசமாச்சு கனி. நான்தான் கையெழுத்துப் போட்டேன். நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். உன் பிறந்தநாளுக்கு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் உன்னையே உனக்குக் காட்டணும்னு பிள்ளைக்கு ஆசை. அதுக்குள்ள நீ சம்மதிச்சிட்டா, புதுசா போட்ட மாதிரியே இருந்திரலாம்னு அந்தப் படிவத்தை வச்சோம்."

"பன்னெண்டு தொண்ணூறு தாண்டிட்டேம்மா," என்றாள் பெனிட்டா அவசரமாக. "எனக்கு ஒண்ணும் ஆகல. நிஜமா ஒண்ணுமில்ல."

செல்வக்கனி மகள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தலையணைமேல் இருந்த பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் நகம் வெட்டிவிட்ட பாதம். மேல்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால், அந்தப் புள்ளி அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். கட்டைவிரலை அங்கே வைத்தாள். வைத்துவிட்டு அமுக்கத் துணிவில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். கடவுளே, ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

அமுக்கினாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றது பெனிட்டாவின் வாய். சிரிப்பு அப்படியே இருந்தது, ஓர் இழை கலையவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு மேலே இரண்டு கண்ணும் நிறைந்து, கன்னத்தில் பொலபொலவென்று வழிந்தது. அவளுக்கே அது புரியவில்லை. கையால் தொட்டு, ஈரத்தைப் பார்த்து, "இது ஏம்மா வருது?" என்று கேட்டாள்.

முகாமில் அந்த நாற்பது தாண்டலிலும் செல்வக்கனி ஒரு சொட்டு அழவில்லை. அதனால் பதிவில் கண்ணீர் இல்லை. இது பெனிட்டாவுடையது.

"வலிக்குதுட்டி. உனக்கு வலிக்குது, அதான் வருது," என்று அவள் மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "எனக்கும் வலிச்சுது. நான் குளியலறைல விழல. அந்தத் தொப்பிய மாட்டும்போதே எனக்கு எலும்புல கீறல் விட்டிருந்துச்சு. சொன்னா வேலை போயிடும்னு சொல்லல. நீ தாண்டுறது என் நுட்பம் இல்லட்டி, என் வலி." அற்புதராஜ் வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பெனிட்டா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, முதல்முறையாக வாயைத் திறந்து சத்தமாக அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து செல்வக்கனி கைப்பையைத் தேடி எடுத்தாள். வைத்தீஸ்வரன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார் போலிருக்கிறது.

"சார், ஒருத்தி சொல்லட்டும்னீங்கல்லா. என் மக சொல்லுதா. நானும் சொல்லுதேன். உங்க ஆயிரத்து நூறு பேரையும் கூப்பிடுங்க. தமயந்தில இருந்து ஆரம்பிங்க. யாரையும் வலிக்குதான்னு கேக்காதீங்க, கேட்டா சிரிப்பாங்க. அமுக்கிட்டு வாயைப் பாக்காதீங்க, கண்ணைப் பாருங்க. எந்த இடத்துல அமுக்கணும்னு பாளையங்கோட்டை டாக்டரம்மா காட்டித் தருவாங்க. எல்லாத்தையும் சொல்லிக்கோங்கன்னு நானே அவங்ககிட்டச் சொல்லிருதேன்."

செல்வக்கனி கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம் சார், பேனா காதுல இருக்கா? அந்தக் குறிப்பை எடுங்க. நொண்டின்னு எழுதி, பக்கத்துல சரின்னு போட்டீங்கல்லா. அந்தச் சரியை அடிச்சிருங்க."